கலப்பைக் கிழங்குப் பயிர்

நமது சங்கத்து அங்கத்தினர் சிலர் கலப்பைக் கிழங்குப் பயிருக்குக் கடன் வேண்டி மனுச் செய்திருக்கின்றனர். ஆகையால், பணம் கொடுப்பதற்கு முன் இச்செடியைக் குறித்துச் சில விஷயங்களை யாவரும் அறிந்திருத்தல் உசிதமாகும்.

செங்காந்தள், கார்த்திகைப்பூ, கண்வலிக்கிழங்கு என்பனவெல்லாம் இதன் பெயர்களே. கிழங்கு இரு கிளையாக வளைந்து கலப்பையை ஒத்திருப்பதால் இப்பெயர் வந்தது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய பூக்களில் முதலில் நிற்பது காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே. இலையின் நுனி சுருண்டு பற்றிக்கொள்ள, கொடி வேலியின் மேல் ஏறும். பூவின் 6 இதழ்களும் மேல்நோக்கி மடிந்து, பசுமையிலிருந்து மஞ்சளாகி, பின் செந்நிறம் அடையும்.

வியாபாரிகள் நாடி வருவது பூவையன்று, விதையையே. அதிலுள்ள கோல்ச்சிசின் என்னும் சத்து கௌட் என்ற மூட்டுவீக்க நோய்க்கு மருந்தாகிறது. அச்சத்தைக் கொண்டு பயிர்களின் குரோமோசோம்களை இரட்டிக்கச் செய்து புதுவகை உண்டாக்கலாம் என்பது 1937-ல் வெளியாயிற்று. விதையில்லாத தர்ப்பூசணி அவ்வழியில் கிடைத்ததே.

நீர் தேங்காத செம்மண் நிலம் இதற்கு ஏற்றது. களிமண்ணில் நட்டால் கிழங்கு அழுகும். அத்தகைய நிலத்தாரின் மனுவைப் பஞ்சாயத்தார் தள்ளிவிடுவதே அவருக்குச் செய்யும் உபகாரம். ஆடி, ஆவணி மாதங்களில், 50 முதல் 60 கிராம் எடையுள்ள கிழங்குகளை நடுவார்கள். விதையிட்டு வளர்த்தால் பூப்பதற்கு 3, 4 வருஷம் செல்லும். கொடி படர முள்கிலுவைப் போத்துகளை நடுவதும் கம்பிப்பந்தல் இடுவதும் உண்டு.

பூவின் சூல்தண்டு செங்கோணமாக மடங்கி மகரந்தத்தை விட்டு விலகி நிற்பதால் தானாகக் காய்ப்பது குறைவு. காலை வேளையில் ஆட்கள் பூவுக்குப் பூ சென்று மகரந்தத்தைத் தொட்டு வைத்தல் வேண்டும். வீட்டில் ஆள் இல்லாதவர் இந்தக் கூலியை முன்னரே கணக்கிடுவாராக. ஏறக்குறைய 6 மாதத்தில் காய் கரும்பச்சை மாறி வெளிறும். அப்போது பறித்து நிழலில் உலர்த்தி விதை பிரிக்க வேண்டும்.

இனிக் கடன் விஷயம். ஏக்கருக்குச் சுமார் 800 கிலோ விதைக்கிழங்கு தேவை. செலவில் பெரும்பங்கு இதற்கும் பந்தலுக்குமே போகிறது. ஆயினும் நட்ட கிழங்கு நிலத்தில் உறங்கி அடுத்த பருவத்தில் மீண்டும் முளைக்கும்; பேணினால் 5 வருஷம் வரை பலன் தரும். இப்படியிருக்க, முழுத்தொகையையும் முதல் அறுவடையிலேயே வசூலிக்க முற்பட்டால் அங்கத்தினர் விதையை அடிமாட்டு விலைக்கு விற்க நேரிடும். விதையின் விலையோ வருஷத்துக்கு வருஷம் வெகுவாக ஏறி இறங்குவது. கிழங்குக்கும் பந்தலுக்கும் தந்த தொகையை 3 வருஷத் தவணையாக்குவதும், எல்லோருடைய விதையையும் சங்கத்தில் ஒன்றாக நிறுத்து, பலரிடம் விலை கேட்டு விற்பதும் என் அபிப்பிராயத்தில் தக்க வழி.

மற்றொன்று மிக முக்கியம். இச்செடி முழுவதும் கொடிய விஷம். வேகவைத்தாலும் விஷம் நீங்காது. அதற்கு முறிவு மருந்தும் கிடையாது. உண்டவருக்குச் சில மணி நேரம் கழித்தே வாந்தியும் பேதியும் காணுமாதலால், அதுவரை ஒன்றுமில்லை என்று அசட்டையாய் இருந்துவிடுகிறார்கள். சுற்றுப்பயணத்தில் ஒரு வீட்டில் இக்கிழங்கு வள்ளிக்கிழங்குக் கூடைக்கு அருகே குவிந்திருக்கக் கண்டு திடுக்கிட்டேன். விதைக்கிழங்கைச் சமையலறைக்கு வெளியே பூட்டிவைத்து, தொட்ட கையைக் கழுவுங்கள். எவரேனும் தின்றதாகச் சந்தேகம் தோன்றினாலும் கைவைத்தியம் பாராது, ஒரு துண்டுக் கிழங்கையும் கையோடு எடுத்துக்கொண்டு, உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.