டேப்பில் முழுக் கொள்ளளவையும் பெறுவது எப்படி?

குடோனில் மூட்டை அடுக்கத் தெரிந்த வணிகருக்கு இந்தப் பாடம் கடினமாக இராது. ஒரே அளவு அறையில் ஒருவர் நூறு மூட்டை அடுக்குவார்; இன்னொருவர் எழுபதுக்கே இடமில்லை என்பார். கம்ப்யூட்டர் கணக்கைப் பதிந்து வைக்கும் டேப்பும் அப்படித்தான்.

முதலில், டேப் யாருக்குத் தேவை? ஒரே கடை, ஒரே கம்ப்யூட்டர் என்றால் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் மாற்றி மாற்றி நகல் எடுத்தாலே போதும். இரண்டு மூன்று கிளைகள், ஸ்கேன் செய்த கொள்முதல் பில்கள், கேமராப் பதிவுகள் என்று சேர்ந்துவிட்ட மொத்த வியாபாரிகளுக்கே டேப் பயன்படும். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-வது பிரிவுப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளை வைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் உள்ளதையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்கள், இணைப்பில் இருக்கும் ஹார்டு டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும். டிரைவிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்த டேப்பை அவை தொட முடியாது. ஆகவே செலவு செய்து வாங்கும் டேப்பில் முழுப் பலனையும் பெறுவோம்.

1. அட்டையில் உள்ள எண்

2010-ல் வந்த எல்.டி.ஓ.-5 வகையை எடுத்துக்கொள்வோம். அட்டையில் 3 டெராபைட் என்று பெரிதாக இருக்கும். உண்மைக் கொள்ளளவு 1.5 டெராபைட். தகவல் பாதியாகச் சுருங்கும் என்று வைத்துக்கொண்டு போட்ட எண்தான் 3. அந்த 1.5-ஐயும் சில கம்ப்யூட்டர்கள் 1.36 என்றே காட்டும். டேப் செய்பவர் 1000-ஆல் பெருக்குகிறார், கம்ப்யூட்டர் 1024-ஆல் வகுக்கிறது. எடை குறைந்துவிட்டது என்று விற்றவரிடம் சண்டைக்குப் போகவேண்டாம்.

2. பொரியும் அரிசியும்

பொரி மூட்டையை அழுத்தினால் பாதியாகும். அரிசி மூட்டையை எவ்வளவு அழுத்தினாலும் அப்படியே இருக்கும். பில், லெட்ஜர், ஸ்டாக் பட்டியல் எல்லாம் பொரி, நன்றாகச் சுருங்கும். புகைப்படம், வீடியோ, ஜிப் கோப்பு ஆகியவை ஏற்கெனவே அழுத்தப்பட்டவை, அவை அரிசி.

ஒரு கணக்குப் போடுவோம். கணக்குத் தகவல் 400 ஜிபி, படமும் வீடியோவும் 1200 ஜிபி. முதலாவது பாதியானால் 200. ஆக மொத்தம் 1400. ஒரு டேப்பில் அடங்கும். அட்டையை நம்பி 1000 ஜிபி கணக்கும் 1800 ஜிபி வீடியோவும் ஏற்றினால், 500-உம் 1800-உம் சேர்ந்து 2300. பாதி வழியில் டேப் தீர்ந்துவிடும்.

சுருக்கும் வேலையை டிரைவிடமே விடுங்கள். சாஃப்ட்வேரிலும் சுருக்கி டிரைவிலும் சுருக்குவதால் இலாபமில்லை. ரகசியப் பூட்டு போடுபவர்கள் முதலில் சுருக்கி, பிறகே பூட்ட வேண்டும். பூட்டிய தகவல் சுருங்காது.

3. நிற்காமல் ஓடட்டும்

எல்.டி.ஓ.-5 டிரைவ் நொடிக்கு 140 மெகாபைட் வரை எழுதும். கம்ப்யூட்டர் மிக மெதுவாகக் கொடுத்தால் டேப் நின்று, பின்னால் போய், மறுபடி ஓடும். இதனால் நேரம் வீண். டேப்பும் ஹெட்டும் தேயும். ஆயிரக்கணக்கான சின்னப் பில் கோப்புகளை ஒவ்வொன்றாக அனுப்பாமல், ஹார்டு டிஸ்க்கில் ஒரே பெரிய கோப்பாகக் கட்டி, பிறகு அனுப்புங்கள். எந்த மாதத்துக் கட்டில் என்ன இருக்கிறது என்று நோட்டில் எழுதி வைக்கவும்.

4. சுத்தமான ஹெட்

டிரைவ் எழுதும்போதே படித்துச் சரிபார்க்கிறது. பதிவு சரியில்லையென்றால் அதே தகவலைச் சற்றுத் தள்ளி மறுபடி எழுதும். தூசி படிந்த ஹெட்டினால் இப்படி இடம் வீணாவது நமக்குத் தெரியாமலே நடக்கும். மிளகாய், மாவு மூட்டைகளுக்குப் பக்கத்தில் டிரைவை வைக்காதீர்கள். சுத்தம் செய்யச் சொல்லும் விளக்கு எரிந்தால் அன்றே கிளீனிங் கேட்ரிட்ஜ் போடவும்.

5. அழித்தால் இடம் வராது

எல்.டி.எஃப்.எஸ். முறையில் டேப்பை ஹார்டு டிஸ்க் போலத் திறந்து பார்க்கலாம். ஆனால் ஒரு கோப்பை அழித்தால் பெயர்தான் மறையும், இடம் திரும்பாது. முழு டேப்பையும் ஃபார்மட் செய்தால்தான் இடம் கிடைக்கும். எனவே தேவையற்றதை ஏற்றுவதற்கு முன்பே கழித்துவிட வேண்டும்.

6. டிரைவுக்கேற்ற டேப்

எல்.டி.ஓ.-5 டிரைவில் பழைய எல்.டி.ஓ.-4 டேப்பும் ஓடும். ஆனால் உண்மைக் கொள்ளளவு 800 ஜிபி மட்டுமே. மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குமுன் ஒரு ஜிபிக்கு என்ன விலை என்று கணக்குப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. டேப்பை விளிம்புவரை நிரப்புவது நம் நோக்கமல்ல. வேண்டியபோது கணக்கு திரும்பக் கிடைப்பதே நோக்கம். கொஞ்சம் இடம் மிச்சம் விடுங்கள். எழுதி முடித்ததும் கேட்ரிட்ஜில் உள்ள சிறு தடுப்பைத் தள்ளிப் பூட்டுங்கள். பிறகு யாரும் தவறி மேலே எழுத முடியாது. இரண்டாவது நகலைக் கடையில் வைக்காமல் வீட்டில் வையுங்கள். இந்த மாதமே ஏதாவது ஒரு பழைய மாத லெட்ஜரை டேப்பிலிருந்து வேறொரு கம்ப்யூட்டரில் எடுத்துப் பாருங்கள். எடுத்துப் பார்க்காத நகலை நகல் என்று கணக்கில் சேர்க்கக் கூடாது.