இளையோர்க்கான நீதி

செங்கல்பட்டு நகரத்தைக் கொளவாய் ஏரியாலும் பழைய கோட்டையாலும் அறிந்தவர் பலர். குற்றம் புரிந்த சிறுவர்க்கென 1887ஆம் ஆண்டில் அங்கு ஒரு சீர்திருத்தப் பள்ளி நிறுவப்பட்டதை அறிந்தவர் சிலரே. அதற்கு முற்பட்ட நாளில், ஒரு செம்பைத் திருடிய பத்து வயதுப் பிள்ளையும் முதிர்ந்த கொள்ளைக்காரரோடு ஒரே சிறையில் அடைபட நேரிட்டது. களவைக் கற்பதற்கு அதனினும் ஏற்ற பள்ளி வேறு எங்குளது? செங்கல்பட்டுப் பள்ளியிலோ சிறுவர்க்கு எழுத்தும் கைத்தொழிலும் கற்பிக்கப்பட்டன.

ஆயினும் தண்டனை பெற்ற பின்னரே சிறுவன் அப்பள்ளியை அடைந்தான். அவனை விசாரிக்கும் முறையே வேறாதல் வேண்டும் என்னும் எண்ணம் பின்னர்த் தோன்றியது. அமெரிக்க நாட்டின் சிகாகோ நகரில் 1899இல் சிறார்க்கெனத் தனி நீதிமன்றம் ஏற்பட்டது. இந்திய மாகாணங்களுள் சென்னையே 1920இல் முதன்முதலாகச் சிறார் சட்டம் ஒன்றை இயற்றியது. வங்கம் 1922இலும், பம்பாய் 1924இலும் அதனைப் பின்பற்றின. நாடு முழுமைக்குமான சட்டம் 1986இல் வந்தது. 2000இலும் 2015இலும் புதிய சட்டங்கள் அதன் இடத்தைப் பெற்றன. பதினெட்டு வயது நிரம்பாதவர் அனைவரும் இன்று சிறாரே ஆவர்.

இச்சட்டம் நடைமுறையில் இயங்கும் விதத்தை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். மாமல்லபுரக் கடற்கரையில், பயணி ஒருவரின் பணப்பையைப் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் எடுத்துவிட்டான் என்று கொள்வோம். காவலர் அவனுக்கு விலங்கிடலாகாது. காவல் நிலையக் கொட்டடியில் அடைக்கலாகாது. சிறு களவாதலின் முதல் தகவல் அறிக்கையும் பதிவதில்லை. நிகழ்ந்ததை நிலைய நாட்குறிப்பில் எழுதிச் சிறுவனின் குடும்ப நிலையையும் குறித்து, இளைஞர் நீதிக் குழுமத்திற்கு அனுப்புவர். சிறுவன் பெற்றோருடன் வீட்டிலேயே இருப்பான். சிறாரைப் பிடித்துவைக்க நேரும் வழக்குகளில், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் குழுமத்தின் முன் நிறுத்துதல் வேண்டும்.

குழுமத்தில் நடுவர் ஒருவரும் சமூகப் பணியாளர் இருவரும் அமர்வர். அவ்விருவருள் ஒருவரேனும் பெண்ணாதல் வேண்டும். அங்கே உயர்ந்த மேடை இல்லை. சாட்சிக் கூண்டு இல்லை. உடன்வரும் காவலரும் சீருடையின்றியே வருவர். 'குற்றவாளி' என்னும் சொல்லும் அங்கு விலக்கப்பட்டது. 'சட்டத்திற்கு முரண்பட்ட சிறார்' என்றே கூறுவர். இது வெறும் சொல் மாற்றம் என்று சிலர் நகைப்பதுண்டு. ஊரார் ஒருமுறை திருடன் என்றழைத்த சிறுவனைக் கேட்டால் அச்சொல்லின் சுமை விளங்கும்.

களவு நிகழ்ந்ததா என்பதோடு குழுமத்தின் கேள்வி முடிவதில்லை. சிறுவன் பள்ளியை விட்டது எப்போது, தந்தையின் படகு கடலுக்குச் செல்கிறதா, வீட்டில் குடிப்பழக்கம் உளதா, அவனை ஏவியவர் எவரேனும் உளரா என்பன போன்றவற்றை நன்னடத்தை அலுவலர் நேரில் கண்டு எழுதுவார். விசாரணை நான்கு திங்களில் முடிதல் வேண்டும். மேலும் இரு திங்கள் நீட்டிக்கலாம். சிறு குற்றமாயின், அதன் பின்னும் முடியாத வழக்கு கைவிடப்படும். அறிவுரை கூறி அனுப்புதல், சமூகப் பணி செய்வித்தல், நன்னடத்தைக் கண்காணிப்பில் விடுதல் ஆகியன குழுமம் இடக்கூடிய ஆணைகளுட் சில. சிறப்பு இல்லத்திற்கு அனுப்பினும் அது மூன்றாண்டைக் கடத்தலாகாது. பதினாறு வயது நிரம்பியவர் கொடுங்குற்றம் புரிந்ததாக வரும் வழக்கை மட்டும், ஆராய்ந்து, வயது வந்தோர்க்குரிய விசாரணைக்கு அனுப்ப இடமுண்டு.

பெற்றோரிடம் விடுவிக்க இயலாத சிறுவன் விசாரணைக் காலத்தில் கூர்நோக்கு இல்லத்தில் தங்குவான். சட்டத்தின் நன்மையெல்லாம் சோதனைக்குள்ளாவது அவ்வில்லத்தின் சுவர்களுக்குள்தான். 2022 டிசம்பர் இறுதியில், செங்கல்பட்டிலிருந்த அரசினர் இல்லத்தில், களவு வழக்கில் கொண்டுவரப்பட்ட 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடிபட்டு இறந்தான். இல்ல ஊழியர் சிலர் கொலை வழக்கில் கைது செய்யப்பட்டனர். மேடையை அகற்றிய சட்டம் அறைக்குள் ஓங்கிய கையைத் தடுக்கவில்லை. இத்தகைய இல்லங்களைச் சீர்செய்யும் வழிகளை ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களைத் தமிழக அரசு 2023இல் அமர்த்தியது. அவர் இல்லங்களை ஆராய்ந்து அவ்வாண்டிலேயே அறிக்கை அளித்தார்.

மாமல்லபுரச் சிறுவனின் பெயரையோ படத்தையோ செய்தித்தாள் வெளியிடலாகாது. மேல்முறையீட்டுக் காலம் கழிந்த பின், அவனது வழக்குப் பதிவேடுகள் அழிக்கப்படும். நாளை அவன் அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பணப்பை அவன் வழியில் குறுக்கே நில்லாது.