முன் சில்லைத் திரும்பப் பூட்டுவது எப்படி?



இன்றைக்கு நம்ம லயங்களில் பல வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட, சுகமில்லாதவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, சம்பளம் எடுத்த கையோடு டவுனுக்குப் போய் சாமான் வாங்கிவர, எல்லாத்துக்கும் அதுதான். 2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல் மறுபடி திறக்கும் வரை புதுச் சைக்கிள் வாங்குவது பெரும்பாடாக இருந்தது. பழசையே பழுது பார்த்து ஓட்டப் பழகிக்கொண்டோம். சில்லை மட்டும் கழற்றி பஸ்ஸில் டவுனுக்குக் கொண்டுபோய், டயர் மாற்றி வந்து வீட்டிலேயே பூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கைத்தொழில் தெரிவது நல்லதுதான். ஆனால் முன் சில்லு விசயத்தில் ஒரு சின்னப் பிழையும் உயிருக்கு ஆபத்து. ஆகவே இந்தப் பாடம்.

நாம் பட்ட பாடு

2019 டிசம்பரில் நடந்தது இது. அப்போது க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. நம் அக்கா மகளைப் பரீட்சை மண்டபத்துக்குக் கூட்டிப்போகும் பொறுப்பு நம்முடையது. முதல் நாள் முன் டயரை மாற்றிக்கொண்டு வரும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. மழை வேறு. டோர்ச் வெளிச்சத்தில் அவசர அவசரமாகச் சில்லைப் பூட்டினோம். வாசலில் உருட்டிப் பார்த்தோம், சுற்றியது. அதோடு சரி என்று விட்டுவிட்டோம்.

மறுநாள் காலை தோட்டத்து ரோட்டில் இறக்கம். இரண்டாவது வளைவில் முன் பிரேக்கைப் பிடித்ததும் 'டக்' என்று ஒரு சத்தம். சில்லு அப்படியே நின்றுவிட்டது. இரண்டு பேரும் தேயிலைக்குள் விழுந்தோம். மேட்டுப் பக்கம் விழுந்ததால் தப்பினோம். மறுபக்கம் விழுந்திருந்தால் இந்தப் பாடத்தை எழுத நாம் இருந்திருக்க மாட்டோம். பிள்ளையின் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. "கை எழுதும் மாமா, நேரமாகுது போவோம்" என்றாள். வீங்கின கையோடுதான் அன்றைய வினாத்தாளை எழுதினாள்.

குற்றம் டயர் கடையிலும் இல்லை, சைக்கிளிலும் இல்லை. நம்ம கையில்தான். என்ன குற்றம் என்பதைக் கீழே மூன்றாம் படியில் சொல்கிறோம்.

தொடங்கும் முன்

நம்ம பக்கம் எங்கே பார்த்தாலும் சரிவுதான். ஆகவே முதலில் சமதரையான இடத்தைப் பாருங்கள். நடு ஸ்டாண்டைப் போட்டு, எஞ்சினுக்கு அடியில் உறுதியான பலகைக் கட்டைகளை வைத்து முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்துங்கள். ஆட்டிப் பார்த்தால் அசையக் கூடாது. பின் சில்லுக்கு இரண்டு பக்கமும் கல் வையுங்கள். சின்னப் பிள்ளைகள் கிட்டே வரக் கூடாது.

தேவையான சாமான்: சைக்கிளுக்கு ஏற்ற ஸ்பேனர்கள், குறடு, சுத்தமான துணி, கொஞ்சம் கிரீஸ், புதிய ஸ்பிளிட் பின் ஒன்று. கழற்றும்போதே சாமான்களைக் கழற்றிய ஒழுங்கில் ஒரு சாக்கில் வரிசையாக வைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பூட்டி முடிந்தபின் ஒரு புஷ்ஷோ வாஷரோ மிஞ்சினால், "பரவாயில்லை" என்று தூக்கிப் போடக் கூடாது. மறுபடி கழற்றத்தான் வேண்டும்.

இனி, டிரம் பிரேக் உள்ள சைக்கிளை வைத்துப் படிப்போம். நம்ம பக்கம் ஓடும் சின்னச் சைக்கிள்களில் பல இந்த வகைதான்.

படி 1: சில்லைச் சோதித்தல்

டயரின் பக்கவாட்டில் அம்புக்குறி இருந்தால், சில்லு முன்னே உருளும் திசையை அது காட்ட வேண்டும். காற்று சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை இறாத்தல் என்பது சைக்கிளோடு வந்த புத்தகத்திலோ, செயின் கவரில் ஒட்டிய தாளிலோ இருக்கும்.

சில்லின் நடுவில் இருக்கும் பெயாரிங்கை விரலை விட்டுச் சுற்றிப் பாருங்கள். மெதுவாகச் சுற்ற வேண்டும். கரகரவென்றாலோ ஆடினாலோ இப்போதே மாற்றிவிடுவது நல்லது.

படி 2: பிரேக்கைத் துடைத்தல்

பிரேக் ஷூவில் படிந்திருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள். அந்தத் தூசி நெஞ்சுக்குக் கேடு. பழைய ஷூக்களில் அஸ்பெஸ்டஸும் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். ஷூவில் ஒட்டியிருக்கும் லைனிங் 2 மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்ந்திருந்தால் புது ஷூ போட வேண்டும். கிரீஸ் பட்ட கையால் ஷூவையோ டிரம்மின் உள்பக்கத்தையோ தொடக் கூடாது. எண்ணெய் பட்ட பிரேக் பிடிக்காது.

எக்ஸலைத் துடைத்து, துரு இருந்தால் எமரி கடதாசியால் தேய்த்து, மெல்லிசாகக் கிரீஸ் பூசுங்கள்.

படி 3: முட்டும் வெட்டும்

உறவுகளே, இந்தப் படியை இரண்டு தரம் வாசியுங்கள்.

முன் போர்க்கின் ஒரு காலில், உள்பக்கமாக, விரல் நுனி அளவில் ஓர் இரும்பு முட்டு துருத்திக்கொண்டு நிற்கும். பிரேக் பிளேட்டின் வெளிப்பக்கத்தில் அதற்கேற்ற ஒரு வெட்டு இருக்கும். சில்லை போர்க்குக்குள் ஏற்றும்போது அந்த முட்டு இந்த வெட்டுக்குள் போய் உட்கார வேண்டும். சில சைக்கிள்களில் முட்டுக்குப் பதிலாக, பிரேக் பிளேட்டையும் போர்க்கையும் இணைக்கும் ஒரு கம்பி, போல்ட்டோடு இருக்கும். வேலை ஒன்றுதான்.

ஏன் இது இத்தனை முக்கியம்? பிரேக் பிடிக்கும்போது சுற்றுகிற சில்லு, ஷூவையும் அதைத் தாங்கும் பிளேட்டையும் தன்னோடு இழுக்கப் பார்க்கும். அதைச் சுற்ற விடாமல் பிடித்து நிறுத்துவது அந்த முட்டுத்தான். முட்டு வெட்டுக்குள் இல்லாவிட்டால் பிளேட் சில்லோடு சேர்ந்து சுற்றும். பிரேக் கேபிள் அதிலே சுருண்டு இன்னும் இறுகும். ஓடுகிற சில்லு ஒரு நொடியில் கட்டிப்போட்ட மாதிரி நின்றுவிடும். வாசலில் உருட்டிப் பார்க்கும்போது இது தெரியாது. பிரேக்கைப் பலமாகப் பிடிக்கும்போதுதான் தெரியும். அன்றைக்கு நாம் விழுந்த காரணம் இதுதான்.

சோதனை இலேசு. முட்டை வெட்டுக்குள் வைத்ததும் பிளேட்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்கள். திரும்பவே கூடாது. இப்போதெல்லாம் நாம் சில்லைக் கழற்றினால் அக்கா மகள்தான் டோர்ச் பிடிக்கிறாள். "முட்டு வெட்டுக்குள்ள இருக்கா மாமா?" என்று கேட்டு, தானும் ஒருதரம் கையை வைத்துப் பார்த்த பிறகுதான் எக்ஸலை எடுத்துத் தருகிறாள்.

படி 4: எக்ஸலைப் போடுதல்

கழற்றும்போது எந்தப் பக்கத்தால் வந்ததோ அந்தப் பக்கத்தாலேயே எக்ஸலை விடுங்கள். புஷ் தன் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கையால் தள்ளினால் போக வேண்டும். போகாவிட்டால் சுத்தியலால் அடிக்காதீர்கள். சில்லைக் கொஞ்சம் தூக்கியோ இறக்கியோ நேராக்கினால் தானாகப் போகும்.

நட்டை இப்போதைக்கு இலேசாக மட்டும் இறுக்குங்கள். பிரேக் கேபிளை மாட்டுங்கள். ஸ்பீடோமீட்டர் கேபிளையும் மாட்டி, சில்லைச் சுற்றிக்கொண்டே பொருத்தினால் அதன் நுனி தன் இடத்தில் விழும்.

படி 5: இறுக்குதல்

இனிக் கட்டைகளை எடுத்து, சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து இறக்குங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை மூன்று நான்கு தரம் கீழே அமுக்கி விடுங்கள். போர்க்கின் இரண்டு காலும் நேராகிக்கொள்ளும். பிறகு வீட்டில் ஒருவரைப் பிரேக்கைப் பிடிக்கச் சொல்லி, நட்டை நன்றாக இறுக்குங்கள். அப்படிச் செய்தால் ஷூ டிரம்முக்கு நடுவாக உட்காரும்.

ஓர் அடி நீள ஸ்பேனரில் ஓர் ஆளின் கைப்பலம் போதும். குழாய் சொருகி இழுத்தால் நட்டின் புரி போய்விடும். புத்தகத்தில் அளவு சொல்லியிருந்தால், கராஜில் அளவு காட்டும் ஸ்பேனரால் ஒருதரம் பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது. ஸ்பிளிட் பின் போடும் நட்டு என்றால் புதிய பின்னைப் போட்டு நுனிகளை மடித்துவிடுங்கள். பழைய பின்னை நிமிர்த்திப் போடக் கூடாது. கம்பித் துண்டைச் செருகுவதும் பெரிய ஆபத்து.

படி 6: ஓட்டிப் பார்த்தல்

மறுபடி முன்பக்கத்தைத் தூக்கிச் சில்லைச் சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக் கூடாது. பிரேக் பிடியின் நுனி 10 முதல் 20 மில்லிமீட்டர் அசைந்த பிறகு பிரேக் பிடிக்கும்படி கேபிளைச் சரிசெய்யுங்கள்.

பின்னால் யாரையும் ஏற்றாமல், சமதரையில், நடை வேகத்தில் ஐந்தாறு தரம் முன் பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். சரியாக இருந்தால்தான் இறக்கத்துக்குப் போக வேண்டும். புது டயர் ஆரம்பத்தில் வழுக்கும். முதல் 150 கிலோமீட்டருக்கு, அதுவும் மழை நாளில், வளைவில் சாய்த்து ஓட்டாதீர்கள். ஒரு நாள் ஓடிய பிறகு நட்டையும் பின்னையும் இன்னொரு தரம் பாருங்கள்.

டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்களுக்கு

சில்லு கழன்றிருக்கும்போது பிரேக்கைப் பிடிக்கவே கூடாது. பிடித்தால் இரண்டு பேடும் நெருங்கிவிடும், டிஸ்க் உள்ளே போகாது. இடையில் ஒரு கடதாசி அட்டையை மடித்து வைத்திருங்கள். பூட்டி முடிந்ததும், சைக்கிளை நகர்த்தும் முன், பிடி இறுக்கமாகும் வரை பல தரம் அமுக்குங்கள். இதை மறந்து புறப்பட்டால் முதல் தரம் பிரேக் பிடிக்காது.

மீட்டிப் பார்ப்போம்

வீட்டிலுள்ள எல்லோரும் சேர்ந்து இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லிப் பாருங்கள்.

1. பிரேக் பிளேட்டைச் சுற்றவிடாமல் பிடிப்பது எது?
2. பிரேக் தூசியை ஏன் ஊதக் கூடாது?
3. எக்ஸல் நட்டை இறுக்கும்போது ஏன் பிரேக்கைப் பிடிக்க வேண்டும்?
4. பூட்டி முடிந்தபின் ஒரு வாஷர் மிஞ்சினால் என்ன செய்வீர்கள்?

சந்தேகம் இருந்தால் தெரிந்த ஒரு பாசிடம் காட்டிவிட்டு ஓட்டுங்கள். அதில் வெட்கம் இல்லை. ஹட்டன் ரோட்டானாலும் றம்பொடை ரோட்டானாலும் நம்ம வளைவுகள் பிழையை மன்னிக்கிற வளைவுகள் அல்ல. ஓட்டுகிறவரும் பின்னால் இருப்பவரும் தலைக்கவசம் போடுங்கள். பொழுது சாய்ந்துவிட்டால் சில்லு வேலையை விடியற்காலைக்கு வையுங்கள். அன்றைக்கு நாம் அப்படிச் செய்து, காலையில் பஸ்ஸில் போயிருந்தால், ஒரு பிள்ளை வீங்கின கையோடு பரீட்சை எழுதியிருக்க மாட்டாள்.