இறைச்சி அரைக்க எது நல்லம்?

உம்மாவுக்குச் சீட்டுக் காசு கிடைத்தது. கடைகளுக்குச் சமூசாவும் கட்லட்டும் செய்து கொடுத்தே அவர் என்னைப் படிப்பிக்கிறார். இறைச்சியைக் கத்தியால் கொத்திக் கொத்தி மணிக்கட்டு வீங்கிவிட்டது. “கைமெஷினா, ஃபூட் புரொசெசரா? நீங்கதானே மகள் சயன்ஸ் படிக்கிற, சொல்லுங்க” என்றார்.

இரண்டும் ஒன்றுதான் என்றே எண்ணியிருந்தேன். கைமெஷினில் திருகாணி போன்ற தண்டு இறைச்சியை முன்னே தள்ளும். துளைத்தட்டை உரசிச் சுழலும் கத்தி அதை வெட்டும். வெட்டுப்பட்டது உடனே துளைவழியே வெளியேறும். ஆகவே துணிக்கைகள் ஏறக்குறைய ஒரே அளவு. சவ்வை நீக்காவிட்டால் மட்டும் கத்தியில் சுற்றிக்கொள்ளும்.

புரொசெசரிலோ வெட்டுப்பட்டதும் கிண்ணத்திலேயே கிடந்து திரும்பத் திரும்ப வெட்டுப்படுகிறது. அடியில் களி, மேலே கட்டி. உராய்வு வெப்பத்தில் கொழுப்பும் இளகும். இரவல் வாங்கிச் செய்து பார்த்தோம், கட்லட் றப்பர்தான்! இறைச்சியைச் சிறிதாக வெட்டி, அரை மணித்தியாலம் ஃபிரீசரில் வைத்து, விட்டு விட்டு இயக்கியபோது பரவாயில்லை. வெங்காயம், இஞ்சிக்கு அதுவே கெட்டிக்காரன்.

எனினும் எங்களுக்கு இறைச்சிதானே பிரதானம்? 2022 மின்வெட்டையும் உம்மா மறக்கவில்லை. கைமெஷினையே வாங்கினோம். வார்ப்பிரும்பு துருப்பிடிக்கும் என்பதால் கழுவியவுடன் துடைத்துக் காயவைக்கிறோம்.

மணிக்கட்டுக்கு அது தீர்வல்ல என்பதைப் பிறகுதான் யோசித்தேன். கைபிடியையும் சுற்றத்தானே வேண்டும்! ஸுபஹுத் தொழுகைக்குப் பின், புத்தகத்தைத் திறக்குமுன், இப்போது நான் சுற்றுகிறேன்.