தோணித்துறைப் பொன்னன்

கேள்வி: கதைப் பாத்திரங்களுள் தங்கள் மனத்துக்கு மிகவும் உகந்தவர் யார்? இல்லாத ஒருவரிடம் நமக்கு இத்தனை பிரியம் உண்டாவானேன்?
— உறையூர் வாசகர்

பதில்: உங்கள் ஊர்க்காரனே, 'பார்த்திபன் கனவு' நாவலில் வரும் படகோட்டி பொன்னன்.

திருச்சியில் வாசித்துக்கொண்டிருக்கையில், 1921-இல் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் படிப்பைத் துறந்த கல்கி, இருபது ஆண்டுகளுக்குப் பின் அந்நாவலை எழுதப் புகுந்தபோது, அரண்மனையில் அல்லாமல் உறையூருக்கருகே காவிரித் தோணித்துறையில் அதை ஆரம்பித்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அதில் வரும் பார்த்திபனும் அவன் மகன் விக்கிரமனும் கற்பனை மன்னர்கள். அவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஹிருதயம் பொன்னனிடம்தான் போய் நிற்கிறது. போருக்குத் தானும் வர விரும்பியவனை, மகாராணிக்கும் இளவரசனுக்கும் துணையாக இருக்கும்படி பார்த்திபன் கரையிலேயே நிறுத்திவிடுகிறான். களத்தில் மாளும் கீர்த்தியை இழந்து, உயிரோடிருந்து காக்கும் பாரத்தைச் சுமப்பவன் அவன். போனவர்களைப் பாட எத்தனையோ புலவர்கள். தங்கியவனைப் பற்றி எழுதியவர் எத்தனை பேர்?

என் தகப்பனார் காலமான வருஷம், வெளியூர் சென்று மேலே படிக்கும் ஆசையைக் கைவிட்டு, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படியில், ஈர வேஷ்டி காலில் ஒட்டிக்கொள்ள, அக்கரையில் மலைக்கோட்டையில் விளக்கேற்றுவதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பந்துக்கள் சொன்ன ஆறுதலெல்லாம் செவியோடு நின்றுவிட, என்றோ படித்த பொன்னன் மட்டும் அருகில் வந்து அமர்ந்தாற்போலிருந்தது. எழுந்து வீட்டுக்குப் போய், தம்பியின் கணக்குப் புஸ்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன்.