புயலுக்கு முன்னே சிட்டாவை எடுத்து வையுங்கள்

ஐப்பசி, கார்த்திகை ஆலோசனை: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு வட்டாரங்களுக்கு

கடல் தூரத்தில் இருக்கிறது என்ற தெம்பில் புயல் செய்தியை நாம் கடலோரத்துக்காரர்கள் சமாச்சாரமாக ஒதுக்கிவிடுகிறோம். 2023 டிசம்பர் 17, 18-இல் திருநெல்வேலி, தூத்துக்குடியைப் புரட்டிப் போட்டது புயல்கூட இல்லை. பெயர் வைக்கப்படாத வெறும் காற்றுச் சுழற்சிதான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. புயலுக்குப் பெயர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆரஞ்சு எச்சரிக்கை வந்ததுமே கீழே சொல்பவற்றைச் செய்யத் தொடங்குங்கள்.

நம் பக்கம் கூரை பறப்பதைவிடக் கூலி நிற்பதுதான் அதிகம். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி வெளுத்ததும் வெயிலில்தான் காய வேண்டும். நாலு நாள் அடைமழை பிடித்தால் காயப்போட இடமில்லை. நெய்த துணி தேங்கும். பின்னாலேயே தறியும் நிற்கும். மீட்டர் கணக்கில் கூலி வாங்கும் வீட்டில் அந்த வாரம் சனிக்கிழமைச் சம்பளம் பாதிதான். ஆகவே தறி உரிமையாளர்கள் வானம் வெளுத்திருக்கும் நாளிலேயே ஈரத் துணியைக் காயவைத்து உள்ளே ஏற்றிவிடுங்கள். நூல் மூட்டைகளைத் தரையில் போடாமல் பலகைமேல் அடுக்குங்கள். தொழிலாளர்கள் இந்த மாத ரேஷனை முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். குழுக் கடன் தவணை இருந்தால், தவறிய பிறகு போய் நிற்காமல் இப்போதே குழுத் தலைவியிடம் பேசிவையுங்கள். நகையை வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போங்கள். மழை வாரத்தில் வாங்கிய தண்டல் பணம் தை வரைக்கும் விடாது.

விவசாயிகளுக்கு முதல் வேலை வயலில் இல்லை, கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கிறது. அவரிடம் அடங்கல் வாங்கி, சிட்டா, ஆதார், வங்கிப் புத்தக நகல் ஆகியவற்றுடன் பொதுச் சேவை மையத்தில் பயிர்க் காப்பீடு செய்யுங்கள். சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடுதான். கடைசித் தேதி பயிருக்குப் பயிர் மாறும். அன்றைக்குப் போனால் சர்வர் படுத்துவிடும், இது எல்லோருக்கும் தெரிந்த கதை. குத்தகைக்கு உழுபவர்கள் அடங்கலில் சாகுபடி செய்பவர் என்று தங்கள் பெயர் இருக்கிறதா எனப் பாருங்கள். இல்லையென்றால் பயிர் உங்களுடையது, நிவாரணம் பட்டாதாரருடையது. இந்த வருத்தத்தை மழைக்குப் பிறகு பேசிப் பயனில்லை.

அறுத்து வயலிலேயே உலரப் போட்ட கதிர் 14 நாளுக்குள் புயல் மழையில் கெட்டால், 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற பயிர்க் காப்பீட்டு எண்ணில் சொல்ல வேண்டும். மக்காச்சோளம், பருத்தி வயல்களில் வடிகாலை இன்றே வெட்டிவிடுங்கள். யூரியா போடுவதையும் மருந்தடிப்பதையும் மழை முடியும்வரை தள்ளிப்போடுங்கள். வயலை இப்போது ஒரு படம், சேதமானால் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அரசு நிவாரணத்துக்குப் பயிர்ச் சேதம் 33 விழுக்காடாவது இருக்க வேண்டும்; முந்தைய படம் கையில் இருந்தால் வாதாட இடமுண்டு.

தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் கஜா புயலை மறக்கக் கூடாது. 2018 நவம்பர் 16 விடியுமுன் வேதாரண்யம் அருகே கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணித் தோப்புகளைப் படுக்க வைத்தது. மரத்துக்கு 600 ரூபாயும் வெட்டி அகற்ற 500 ரூபாயும் அரசு தந்தது. புதுக் கன்று காய்க்க ஐந்தாறு வருடமாகும். தேங்காய் உரிப்பவருக்கும் மட்டை முடைபவருக்கும் அந்த மரக்கணக்கில் இடமே இல்லை. எச்சரிக்கை வந்தால் முற்றிய குலைகளையும் காய்ந்த மட்டைகளையும் இறக்குங்கள், தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்துங்கள். தென்னைக்குத் தனிக் காப்பீடு உண்டு. மானியம் போக விவசாயியின் பங்கு மரத்துக்குச் சில ரூபாய்தான். நம் தோப்புக்காரர்கள் ஏன் இதைக் கண்டுகொள்வதில்லை என்று புரியவில்லை. இந்த ஆண்டுப் பதிவு எப்போது என்று வேளாண் அலுவலகத்தில் கேளுங்கள்.

மாடு வைத்திருப்பவர்கள் ஒரு வாரத்துக்கு வேண்டிய வைக்கோலைத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். கோமாரி, தொண்டை அடைப்பான் தடுப்பூசி விட்டுப்போயிருந்தால் உடனே போடுங்கள். தொழுவத்தில் ஈரம் நின்றால் மடிநோய் வரும். காதுவில்லை கழன்ற மாட்டுக்கு மறுபடி போடச் சொல்லுங்கள். மாடு இறந்தால் கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தருமுன் புதைக்காதீர்கள். 2023 மழையில் மாட்டுக்கு 37,500 ரூபாய் அறிவிக்கப்பட்டது, அதை வாங்கத் தாள் வேண்டும். அவசரத்துக்கு 1962.

பால்கோவா போடுபவர்கள் விறகை உள்ளே ஏற்றுங்கள். நனைந்த புளிய விறகில் தீ சீராக நிற்காது, பால் அடிப்பிடிக்கும். மழை வாரத்தில் கோயிலுக்கு வரும் வெளியூர்க் கூட்டமும் குறையும். சரக்கை அளவாகப் போடுங்கள். பால் ஊற்றும் வீடுகளுக்குப் பாக்கி இருந்தால் மழைக்கு முன் தீர்த்துவிடுங்கள், அவர்களுக்குத் தீவனம் வாங்க அது உதவும்.

மலையடிவாரத்தில் மழை இல்லாதபோதும் மேலே பெய்யும். அய்யனார் கோயில் ஆறு, செண்பகத்தோப்பு ஓடைகளில் குளிக்கப் போகாதீர்கள். 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளம் பக்தர்களை அடித்துச் சென்றது. வனத்துறை கேட்டை மூடினால் வாக்குவாதம் செய்யாமல் திரும்புங்கள். கண்மாய்க் கரையில் நண்டு வளை, கசிவு தெரிந்தால் அன்றே மண்மூட்டை போடுங்கள். கலுங்கில் மீன் வலை கட்டித் தண்ணீரை மறிக்காதீர்கள். கரை உடையும் அறிகுறி தெரிந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. மின்கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல் மின்னகம் 94987 94987.