கீழே நீல ஏரி இல்லை

கேள்வி: எரிபொருள் நிலத்தடியில் கசிந்தால் கிணறுகளுக்கு என்ன நடக்கும் என்று சனத்துக்கு விளக்க, எங்கள் வாசிகசாலையில் ஒரு படத்துணி கட்டப்போகிறோம். இணையத்தில் கிடைத்த படத்தில் மேலே மண், நடுவே பாறை, அடியில் ஏரிபோல நீல நீர். அதையே வரையலாமா?
- வாசகர், மல்லாகம்

பதில்: வேண்டாம். அந்தப் படத்துக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்து நிலத்துக்கும் சம்பந்தமில்லை. பாறை நடுவிலிருந்து நீரைக் காக்கிறது என்று அது சொல்லும். நம் சுண்ணாம்புக்கல்லோ வெடிப்பும் பொந்துமானது. மழைநீர் எந்த வழியால் இறங்குகிறதோ, அதே வழியால்தான் எண்ணெயும் இறங்கும். நன்னீர் அடியில் ஏரியாகத் தேங்கியும் இல்லை. கடலின் உப்புநீருக்கு மேல் மெல்லிய வில்லையாக மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது அதனால்தான். சனத்துக்கு அதைக் காட்டியே தொடங்கலாம்.

அளவுகள் பற்றி ஒரு எச்சரிக்கை. 15 கிலோமீற்றர் அகலத்தை ஒன்றரை மீற்றர் துணியில் வரைந்தால், 30 மீற்றர் ஆழம் வெறும் 3 மில்லிமீற்றர் கோடாகிவிடும். எனவே ஆழத்தைப் பெருப்பித்துத்தான் வரையவேண்டும். ஆனால் அப்படிச் செய்ததைத் துணியிலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் பார்ப்பவர், 'தண்ணீர் எவ்வளவோ ஆழத்தில் கிடக்குது, எண்ணெய் எப்ப போய்ச் சேரப்போகுது' என்று நிம்மதியாகப் போய்விடுவார்.

இனி சுன்னாகத்துக்கு வருவோம். மின்நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தில், தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013, 2014 காலப்பகுதியில் ஆராய்ந்த 150 கிணறுகளில் 109 கிணறுகளில் எண்ணெய் அளவு மிகுந்திருந்தது. இதை '73 சதவீதம்' என்று எழுதினால் ஒருவருக்கும் உறைக்காது. 150 சின்ன வட்டம் வரைந்து 109ஐக் கறுப்பாக்குங்கள், பார்த்தவுடன் விளங்கும். கீழே, இவை அந்தச் சுற்றுவட்டாரக் கிணறுகள், குடாநாடு முழுவதும் அல்ல என்றும் எழுதுங்கள். இந்த வரியை விட்டால் நாளைக்கு வடமராட்சியிலும் பீதி.

மின்நிலையத்தை நடுவே வைத்துக் கவராயத்தால் வளையம் போட்டு, உள்ளே சிவப்பு, வெளியே பச்சை என்று தீட்டும் ஆசை வரும். தவிர்த்துவிடுங்கள். வெடிப்புகளில் ஓடும் நீர் வளையத்துக்குக் கட்டுப்படாது. பக்கத்துக் கிணறு தப்பி, தூரத்துக் கிணறு கெடலாம். சோதிக்காத கிணற்றைப் பச்சையாக்குவதும் பொய்தான். அதை வெறுமையாக விடுங்கள்.

அன்று சனம் இரண்டு சொல்லைக் கேட்டது. மாகாண மட்டத்து நிபுணர் குழு அபாயகரமான மாசு இல்லை என்றது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றமோ அந்த மின்நிலையத்தை நடத்திய நோதேர்ன் பவர் நிறுவனத்தை 2 கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொன்னது. இதற்கிடையில் பல வீடுகள் பவுசர் தண்ணீரை நம்பியிருந்தன. எந்த நாளில் எந்தக் கிணற்றில் யார் சோதனைக்கு நீர் எடுத்தார் என்ற வரைபடம் ஊரில் தொங்கியிருந்தால் குழப்பம் கொஞ்சம் குறைந்திருக்கும் என்பது என் எண்ணம். ஆகவே உங்கள் துணியில் ஒவ்வொரு கிணற்றுக்கும் பக்கத்தில் சோதித்த திகதியை எழுதுங்கள்.

எண்ணெய்ப் படலத்தை மட்டும் வரைந்து நிறுத்தாதீர்கள். எரிபொருளில் நீரில் கரையும் பகுதி கண்ணுக்குத் தெரியாது; கொதிக்கவைத்தாலும் குளோரின் போட்டாலும் எண்ணெய் போய்விடும் என்று நம்பவும் முடியாது. தெளிந்த நீருள்ள வாளி ஒன்றை வரைந்து, பக்கத்தில் பெரிய கேள்விக்குறி போடுங்கள்.

துணியைக் கட்ட முன்னர், கூட்டங்களுக்கு வராத பத்துப் பேருக்குக் காட்டி, என்ன விளங்கினது என்று கேளுங்கள். 'எண்ணெய் மிதக்கேல்லைத்தானே, குடிக்கலாம்' என்று ஒருவர் சொன்னாலும், அந்த இடத்தை மாற்றி வரையுங்கள்.